உப்புக் கடலின் அடியில் நல்ல தண்ணீர்: பாலைவனப் பாறைகள் தரும் பாடம்

எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், வளைகுடாக் கரையோர மக்களின் முக்கியத் தொழில் முத்துக்குளித்தல். கோடைக்காலத்தில் படகுகள் பல வாரங்கள் கடலிலேயே நிற்கும். கொண்டுபோன குடிநீர் தீர்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்? பஹ்ரைன் தீவைச் சுற்றியிருந்தவர்கள் கரைக்குத் திரும்ப வேண்டிய தேவை இல்லை. ஒருவர் தோல் பையுடன் கடலுக்குள் மூழ்குவார். கடற்தரையில் ஓர் ஊற்று பீறிட்டுக்கொண்டிருக்கும். பையின் வாயை அந்த ஊற்றின் மேல் பிடித்து நிரப்பி, இறுகக் கட்டி மேலே கொண்டுவருவார். பைக்குள் இருப்பது குடிக்கத்தக்க தண்ணீர்.

மாணவர்களே, இதில் இரண்டு வியப்புகள் இருக்கின்றன. முதலாவது, அந்த வளைகுடாவின் நீர் சாதாரணக் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 40 கிராம் உப்பு இருக்கும். பெருங்கடலில் இது சுமார் 35 கிராம்தான். இரண்டாவது, பஹ்ரைனில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. நம் மலேசியாவில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். மழையே இல்லாத ஊரில், உப்புக் கடலின் அடியில் நன்னீர் எங்கிருந்து வந்தது? பஹ்ரைன் என்ற அரபுச் சொல்லுக்கே 'இரு கடல்கள்' என்பதுதான் பொருள். ஒன்று உப்புக் கடல், மற்றொன்று அதன் அடியில் இருக்கும் நன்னீர்க் கடல் என்று அதற்கு விளக்கம் சொல்வோரும் உண்டு.

விடை பாறைகளில் இருக்கிறது.

கடல் கட்டிய பாறை

இன்று மணல் மேடுகளாகக் காணப்படும் கிழக்கு அரேபியா, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதாவது 60 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலாக இருந்தது. டெத்திஸ் என்ற பழங்காலப் பெருங்கடலின் ஓரப் பகுதி அது. அந்தக் கடலில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் முதல் சிப்பிகள் வரை பலவும் கால்சியம் கார்பனேட்டால் ஓடு கட்டிக்கொண்டன. அவை இறந்தபோது ஓடுகள் அடியில் படிந்தன. படிவின்மேல் படிவு சேர்ந்து, எடையால் அழுந்தி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுண்ணாம்புக்கல் ஆனது. இப்படிப் படிந்து உருவாவதால்தான் இவற்றைப் படிவுப் பாறைகள் என்கிறோம்.

கடல் எப்போதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. அதனால் அடுக்குகளும் ஒரே மாதிரி இல்லை. கீழிருந்து மேலாகப் பார்ப்போம்.

உம் எர் ரதூமா அடுக்கு: சுண்ணாம்புக்கல்லும், அதில் மக்னீசியம் சேர்ந்து மாறிய டோலமைட்டும் கொண்டது. தடிமன் மிகுந்தது, பல நூறு கிலோமீட்டர் பரவியது.

ரூஸ் அடுக்கு: கடல் சுருங்கி, வெயிலில் நீர் ஆவியான காலத்தில் படிந்தது. உப்பளத்தில் நீர் வற்றியதும் உப்பு மிஞ்சுவதைப்போல, இங்கே அன்ஹைட்ரைட் என்ற கால்சியம் சல்ஃபேட் கனிமம் மிஞ்சியது. இது நெருக்கமானது. நீரை எளிதில் விடாது.

தம்மாம் அடுக்கு: கடல் மீண்டும் பரவியபோது படிந்த சுண்ணாம்புக்கல், டோலமைட், களி ஆகியவற்றால் ஆனது. இதன் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய களிப்பாறையைப் பஹ்ரைனில் 'சுறாப்பல் களிப்பாறை' என்றே அழைக்கிறார்கள். பழங்காலச் சுறாக்களின் பற்கள் அதில் கல்லாகிக் கிடப்பதே காரணம். பாலைவனத்தில் சுறாப் பல் கிடைத்தால், அங்கே கடல் இருந்ததற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேலே, பின்னாளில் சேர்ந்த மணலும் களியும் சுண்ணக்களியும் மூடியிருக்கின்றன.

துளை வேறு, வழி வேறு

நிலத்துக்கு அடியில் ஏரிபோல நீர் தேங்கியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீர் பாறையின் நுண்ணிய இடைவெளிகளிலும் வெடிப்புகளிலும் இருக்கிறது. நீரைத் தன்னுள் வைத்திருந்து, கிணறு தோண்டினால் போதிய அளவில் கொடுக்கும் பாறை அடுக்கை நீர்த்தாங்கி என்கிறோம். ஒரு பாறை நல்ல நீர்த்தாங்கியாக இருக்க இரண்டு பண்புகள் தேவை.

ஒன்று, துளைமை. பாறையின் மொத்தக் கன அளவில் எத்தனை விழுக்காடு வெற்றிடம் என்பதைக் குறிப்பது இது. மற்றொன்று, ஊடுருவவிடும் தன்மை. அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு வழி விடுகின்றனவா என்பதைக் குறிப்பது.

இரண்டும் ஒன்றல்ல. வீட்டில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் அடிப்பகுதியை வெட்டி எடுங்கள். மூடியில் சில துளைகள் இட்டு, உட்புறம் ஒரு துணித்துண்டை வைத்துத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் பரு மணலையும் மற்றொன்றில் ஈரக் களிமண்ணையும் சம அளவு நிரப்பி அழுத்துங்கள். இரண்டிலும் ஒரு குவளை நீர் ஊற்றி நேரத்தைக் குறியுங்கள். மணல் வழியாக நீர் உடனே இறங்கிவிடும். களிமண்ணின் மேல் அப்படியே நிற்கும். உண்மையில் களிமண்ணின் துளைமை மணலைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். ஆனால் அதன் இடைவெளிகள் மிக மிக நுண்ணியவை. நீர் அவற்றில் நகர முடியாது. ஆகவே மணற்கல் நீர்த்தாங்கி ஆகிறது; களிப்பாறை நீர்த்தடுப்பு ஆகிறது.

சுண்ணாம்புக்கல்லுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லை மெல்ல மெல்லக் கரைக்கும். பத்துமலைக் குகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குன்றும் சுண்ணாம்புக்கல்தான். அதைக் குடைந்ததும் இதே வேலைதான். அரேபியாவின் சும்மான் பீடபூமியில் இப்படிக் கரைந்து உண்டான குழிகளையும் குகைகளையும் 'தஹ்ல்' என்று அழைக்கிறார்கள். எப்போதாவது பெய்யும் மழை, வெயிலில் ஆவியாவதற்கு முன் இந்தக் குழிகள் வழியாக நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது.

ஊற்று பீறிடுவது ஏன்?

இப்போது நம் முதல் கேள்விக்குத் திரும்பலாம். இந்தப் பாறை அடுக்குகள் கிடைமட்டமாக இல்லை. மேற்கே உயர்ந்தும் கிழக்கே வளைகுடாவை நோக்கித் தாழ்ந்தும் மென்மையாகச் சாய்ந்திருக்கின்றன. மேற்கே மேட்டு நிலத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்தின் மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே மழைநீர் உள்ளே நுழைகிறது. சாய்வு வழியே கிழக்கு நோக்கி நகர்கிறது. மேல் அடுக்குகளுக்கும் கசிகிறது. கிழக்கே போகப்போக மேலும் கீழும் நீர்த்தடுப்பு அடுக்குகள். நீர் நடுவில் சிக்கிக்கொள்கிறது.

நீர் நிரம்பிய ஒரு நீண்ட ரப்பர்க் குழாயை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். தாழ்ந்த முனை அடைபட்டிருக்கிறது. தாழ்ந்த முனைக்கு அருகில் ஊசியால் குத்தினால் நீர் மேல்நோக்கிப் பீய்ச்சியடிக்கும். பாறையிலும் இதுதான் நடக்கிறது. பஹ்ரைனில் பாறை அடுக்குகள் கவிழ்த்த கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. அதனால் நீர்த்தாங்கி மேற்பரப்புக்கு மிக அருகில் வருகிறது. மூடியிருக்கும் அடுக்கில் வெடிப்பு இருக்கும் இடத்தில் நீர் தானாகப் பீறிடும். அந்த வெடிப்பு நிலத்தில் இருந்தால் ஊற்று. கடற்தரையில் இருந்தால் முத்துக்குளிப்போரின் குடிநீர். இத்தகைய அழுத்த நீரை எட்டும்படி துளையிட்டு, நீர் தானாக மேலேறும் கிணற்றை ஆர்ட்டீசியன் கிணறு என்கிறோம்.

1925ஆம் ஆண்டில் பிராங்க் ஹோம்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் பஹ்ரைனில் இப்படிப்பட்ட கிணறுகளைத் துளையிட்டு வெற்றி கண்டார். அதே ஆண்டு இறுதியில் அவருக்கு எண்ணெய் தேடும் உரிமை வழங்கப்பட்டது. 1932இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. எண்ணெயைப் பிடித்து வைத்திருந்ததும் அதே கவிழ்ந்த கிண்ண வடிவப் படிவுப் பாறைகள்தான், இன்னும் ஆழத்தில்.

தண்ணீருக்கும் வயது உண்டு

நிலத்தடி நீர் மிக மெதுவாக நகரும். ஆண்டுக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேற்கே இறங்கிய ஒரு துளி 300 கிலோமீட்டர் கடந்து கடற்கரைக்கு வர எத்தனை ஆண்டு ஆகும்? 3,00,000 மீட்டரை 10ஆல் வகுத்தால் 30,000 ஆண்டுகள்.

இது வெறும் மனக்கணக்கு என்று எண்ண வேண்டாம். கார்பன்-14 என்ற கதிரியக்க அணுவைக் கொண்டு நீரின் வயதை மதிப்பிட முடியும். மழைநீர் மண் வழியாக இறங்கும்போது அதில் கார்பன்-14 கலந்திருக்கும். நிலத்துக்குள் போனபின் புதிதாகச் சேராது, இருப்பது சிதையும். ஒவ்வொரு 5,730 ஆண்டுக்கும் பாதியாகக் குறையும். கால் பங்குதான் மிச்சம் என்றால் 11,460 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரையும் பழைய கார்பன் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால், அறிவியலாளர்கள் அதற்குத் திருத்தம் செய்து கணக்கிடுகிறார்கள். அரேபியாவின் ஆழமான நீர்த்தாங்கிகளில் உள்ள நீர் பல்லாயிரம் ஆண்டுகள் பழையது என்பது இப்படித்தான் தெரியவந்தது.

அந்தப் பழங்காலத்தில் அரேபியா எப்போதும் வறண்டிருக்கவில்லை. பருவமழை வடக்கே நகர்ந்து வந்த ஈரமான காலங்கள் பல இருந்தன. நஃபூத் பாலைவனத்தின் பழைய ஏரிப் படிவுகளில் நீர்யானையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. நீர்யானை வாழ ஆண்டு முழுவதும் நீர் வேண்டும். கடைசி ஈரமான காலம் முடிந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அப்போதும் அதற்கு முன்பும் பெய்த மழைதான் இன்று பாறைக்குள் இருக்கிறது. இதைத் தொல்நீர் என்கிறோம்.

பாலைவனத்தில் விளைந்த கோதுமை

தொல்நீரை வங்கியில் போட்ட பழைய பணம் என்று எண்ணுங்கள். முன்னோர் போட்டுவைத்த தொகை அது. புதிதாகச் சேர்வது மிகமிகக் குறைவு. அதை எடுத்துச் செலவழிக்கத் தொடங்கினால்?

சவூதி அரேபியாவில் இது நடந்தது. அந்நாட்டின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் சாக் என்ற மணற்கல் நீர்த்தாங்கி இருக்கிறது. நாம் மேலே பார்த்த சுண்ணாம்புக்கல்லைவிட இது மிகப் பழையது. ஏறக்குறைய 500 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் ஆழமற்ற கடலும் கொண்டு சேர்த்த மணல். 1970களின் பிற்பகுதியிலிருந்து, உணவில் தன்னிறைவு பெறும் நோக்கில் அரசாங்கம் கோதுமைப் பயிருக்குப் பெரும் மானியம் வழங்கியது. கஸீம், ஹாயில், தபூக் வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. நடுவில் கிணறு, அதைச் சுற்றிச் சுழலும் நீண்ட குழாய். அதனால் வயல்கள் வட்டமாக அமைந்தன. மஞ்சள் மணலில் பச்சை வட்டங்கள். துணைக்கோளப் படங்களில் அவை தெளிவாகத் தெரியும்.

1990களின் தொடக்கத்தில் ஆண்டு விளைச்சல் சுமார் 4 மில்லியன் டன்னை எட்டியது. பாலைவன நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது. சாதனைதான். ஆனால் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ கோதுமைக்கு 1,000 லிட்டர் நீர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 4 மில்லியன் டன்னுக்கு 4,000 மில்லியன் கன மீட்டர் நீர் தேவை. நம் அண்டை நாடான சிங்கப்பூர் நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லியன் கன மீட்டர் நீரைப் பயன்படுத்துகிறது. ஆண்டுக்கு 730 மில்லியன். அப்படியானால் சவூதியின் ஓர் ஆண்டுக் கோதுமை, சிங்கப்பூர் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பயன்படுத்தும் நீரைக் குடித்தது. அந்த நீரை மீண்டும் நிரப்ப மழை இல்லை. கிணறுகளில் நீர்மட்டம் இறங்கியது. இன்னும் ஆழமாகத் துளையிட வேண்டியதாயிற்று.

2008இல் அந்த அரசாங்கம் உள்ளூர்க் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்து, 2016இல் நிறுத்தியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோதுமையைக் கைவிட்ட விவசாயிகள் பலர், கால்நடைத் தீவனமான குதிரை மசாலுக்கு மாறினார்கள். அது ஆண்டு முழுவதும் வளர்வதால் கோதுமையைவிட அதிக நீர் குடிக்கும். பின்னர் அதற்கும் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. கோதுமை பிறகு ஓர் அளவுக்கு உட்பட்டு மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

ஊற்றுகள் அடங்கிய கதை

பஹ்ரைனில் என்ன ஆயிற்று? கிணறுகள் பெருகப் பெருக நீர்த்தாங்கியின் அழுத்தம் குறைந்தது. ரப்பர்க் குழாயில் ஒரு துளைக்குப் பதில் நூறு துளை குத்தினால் எந்தத் துளையிலும் நீர் பீய்ச்சாது, அல்லவா? அதுபோலத்தான். முதலில் ஊற்றுகள் மெலிந்தன; பின் ஒவ்வொன்றாக நின்றன. அங்கே புகழ்பெற்ற அதாரி ஊற்றைப் பற்றி ஒரு பழமொழி உண்டு: அருகில் இருப்பதை விட்டுவிட்டுத் தொலைவில் இருப்பதற்கு நீர் பாய்ச்சும் அதாரி என்று. வெளியாருக்கு உதவி வீட்டாரை மறப்பவரைச் சொல்லும் சொல் அது. பழமொழி இன்றும் வழக்கில் இருக்கிறது. இயற்கையாகப் பொங்கிய ஊற்று இல்லை.

நீர் குறைந்ததோடு நிற்கவில்லை. நன்னீரின் அழுத்தம்தான் அதுவரை கடல்நீரை வெளியே தள்ளி வைத்திருந்தது. அழுத்தம் குறைந்ததும் கடல்நீர் பக்கவாட்டில் பாறைக்குள் புகுந்தது. ஆழத்திலிருந்த உவர்நீரும் மேலே ஏறியது. ஒரு நீர்த்தாங்கியில் உப்பு ஏறிவிட்டால், அதைக் கழுவி வெளியேற்றப் பல தலைமுறைகள் ஆகும். சவூதியின் கிழக்கே, அல் அஹ்ஸா சோலையிலும் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்றுபோய், நீரை இயந்திரத்தால் இறைக்கும் நிலை வந்தது. சுமார் 2.5 மில்லியன் பேரீச்ச மரங்கள் கொண்ட அந்தச் சோலையை 2018இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

மணலுக்குள் ஒரு சேமிப்பு

இப்போது வளைகுடா நாடுகள் குடிநீருக்குக் கடல்நீர்ச் சுத்திகரிப்பையே பெரிதும் நம்பியுள்ளன. கடலில் எண்ணெய் கசிந்தாலோ ஆலை பழுதானாலோ சில நாள்களிலேயே தட்டுப்பாடு வந்துவிடும். தொட்டிகளில் மாதக்கணக்கில் சேமிப்பதும் கடினம். அபுதாபி இதற்கு ஒரு வழி கண்டது. லிவா வட்டாரத்தில் மணல் மேடுகளுக்கு அடியில் உள்ள நீர்த்தாங்கிக்குள், உப்பு நீக்கிய நீரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் செலுத்தியது. 2018இல் தொடங்கி வைக்கப்பட்ட இந்தச் சேமிப்பில் சுமார் 26 மில்லியன் கன மீட்டர் நீர் இருக்கிறது. நெருக்கடி வந்தால் ஒரு மில்லியன் மக்களுக்கு 90 நாள்கள் கொடுக்க முடியும். வெயில் படாது, ஆவியாகாது. இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்ததை மனிதன் சிறிய அளவில் செய்து பார்க்கிறான். ஆனால் இதற்கு ஆற்றலும் பணமும் தேவை. மழை அவற்றைக் கேட்டதில்லை.

பாடநூலில் ஒரு கேள்வி

பாடநூல்களில் நீரைப் பெரும்பாலும் புதுப்பிக்கக்கூடிய வளங்களின் பட்டியலில் படிப்போம். நீர்ச் சுழற்சி சுற்றிக்கொண்டே இருப்பதால் அது சரிதான். கிளந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குடிநீரின் கணிசமான பகுதி நிலத்தடியிலிருந்து இறைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் பருவமழை அதை மீண்டும் நிரப்புகிறது. அரேபியாவின் தொல்நீரும் நிலத்தடி நீர்தான். ஆனால் எடுக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது நிரம்புவதே இல்லை எனலாம். எண்ணெயைப்போல அதுவும் தீர்ந்துபோகும் வளமே.

ஆகவே, ஒரு வளம் புதுப்பிக்கக்கூடியதா என்பதை அதன் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு எடுக்கிறோம் என்ற இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். நாளை உங்களில் ஒருவர் பொறியியலாளராகவோ நில ஆய்வாளராகவோ ஆகும்போது, ஓர் ஊரின் குடிநீரே அந்த ஒப்பீட்டில் அடங்கியிருக்கக்கூடும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. களிமண்ணுக்குத் துளைமை அதிகம் இருந்தும் அது நல்ல நீர்த்தாங்கி ஆவதில்லை. ஏன்?

2. ஒரு கிணற்று நீரில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14இல் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். திருத்தம் எதுவும் தேவையில்லை என்று கொண்டால், அந்த நீரின் வயது என்ன?

3. பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாயாமல் கிடைமட்டமாக இருந்திருந்தால், பஹ்ரைனின் கடலடி ஊற்றுகள் பீறிட்டிருக்குமா? படம் வரைந்து விளக்குக.

4. ஒரு பாலைவன நாடு தன் தொல்நீரைக் கொண்டு உணவு விளைவிப்பது சரியா, வெளிநாட்டிலிருந்து வாங்குவது சரியா? இரு தரப்புக்கும் தலா இரண்டு காரணங்கள் எழுதி, உங்கள் முடிவைக் கூறுக.